சேரைப் பற்றிய கடிதம் யார் ஊடாகப் போகும்?

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறேன். சனத்துக்கு அது இன்னும் ஏ.ஜீ.ஏ. (உதவி அரசாங்க அதிபர்) கந்தோர்தான். தபால் என் பொறுப்பு. காலையில் வருகிற கடிதங்களை உடைத்து, கிடைத்த திகதி முத்திரை குத்தி, பதிவேட்டில் இலக்கமிட்டு, காணிக் கிளைக்கா சமூக சேவைக்கா என்று பார்த்து அனுப்ப வேண்டும். யானைவேலி கேட்டு வருவது, வீட்டுத்திட்டத்தில் பெயர் விடுபட்டது, அயலவன் எல்லைக்கல்லைப் பிடுங்கி நட்டது, பெயரில்லாத மொட்டைப் பெட்டிசம், எல்லாம் முதலில் என் மேசையில்தான் விழும். எந்தக் கடிதம் நகரும், எது கோவைக்குள் போய்ப் படுத்துவிடும் என்பது முதல் பக்கத்தைப் பார்த்தாலே ஓரளவு பிடிபட்டுவிடும். நான் சட்டம் படித்தவள் இல்லை. ஆனாலும் ஊரில் யாருக்கும் கந்தோருக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தால் எங்கள் வீட்டுப் படலையைத்தான் தட்டுவார்கள்.

அண்மைக் காலமாகப் பல்கலைக்கழகப் பிள்ளைகளும் தட்டுகிறார்கள். "அக்கா, ஒரு சேரைப் பற்றிச் சொல்லவேணும். ஆரிட்டச் சொல்றது? சொன்னா எங்களுக்கு ஏதும் வருமோ?" சேர் என்று அவர்கள் சொல்வது விரிவுரையாளரை.

இந்தக் கேள்வியை எனக்கு மிக நெருக்கமாகக் கொண்டுவந்தது சின்னம்மாவின் மகள். தங்கச்சி படிப்பது வெகுதூரத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில். பெயர் இங்கே வேண்டாம். வன்னிக்குள்ளேயே இப்போது படிக்க இடமிருக்கிறது. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்குகின்றன. தங்கச்சிக்குக் கிடைத்த பாடநெறி இவற்றில் இல்லை, போய்விட்டாள்.

அவள் சொன்ன விசயம் இது. செயன்முறை வகுப்பில் ஒரு விரிவுரையாளர், பிழை விட்ட பிள்ளைகளைப் பார்த்து, "நீங்கள் கோட்டாவில் வந்த ஆக்கள், உங்களுக்கு இது ஏறாது" என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லுவாராம். கோட்டா என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: பெரும்பாலான பாடநெறிகளுக்கு அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அந்தப் பட்டியலில் உள்ளவை. அரசாங்கம் போட்ட ஒழுங்கு அது. அதை வைத்து இருபது வயதுப் பிள்ளையை நக்கலடிப்பது கற்பித்தலில் எந்த வகை என்று எனக்கு விளங்கவில்லை.

அதோடு நின்றாலும் பரவாயில்லை. அவருடைய வெளித் திட்டம் ஒன்றுக்குத் தரவுகளைக் கணினியில் ஏற்ற சனிக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூப்பிடுவாராம். போகாதவர்களுக்கு வரவுப் பதிவில் கையொப்பம் இழுபடும். 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சைக்கு இருக்க விடமாட்டார்கள் என்ற பயம் எல்லோர் தலையிலும் ஏறியிருக்கிறது. அவளோடு அறையில் தங்கும் பிள்ளை ஒருத்திக்கு இரவில் வட்ஸ்அப்பில் வேறு வகைச் செய்திகள். அதைத் தங்கச்சி சொல்லும்போது குரலைத் தாழ்த்தினாள்.

மாணவர் ஒன்றியத்துக்குச் சொன்னார்களா என்று கேட்டேன். சொன்னார்களாம். "பாப்பம்" என்றார்களாம். மூத்த மாணவர்கள் சொன்ன புத்தி: "எங்கட பட்சுக்கும் அப்பிடித்தான். பல்லைக் கடிச்சுக்கொண்டு பாஸ் பண்ணிப் போங்கோ." ஒரு விரிவுரையாளர் பத்து வருடத்துக்கு ஒரே மாதிரி நடக்க முடிவது இந்தப் புத்தியால்தான்.

தங்கச்சியும் நானும் திண்ணையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தபோது சின்னம்மா உள்ளிருந்து ஒரு சொல் விட்டா: "எழுதி என்னத்தைக் கண்டம்?"

அதற்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. சின்னம்மாவின் மூத்த மகன் 2009இல் இல்லாமல் போனவன். அவவிடம் ஒரு பிளாஸ்ரிக் பைல் இருக்கிறது. செஞ்சிலுவைச் சங்கத்துத் துண்டு, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பற்றுச்சீட்டு, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவுக்குக் கொடுத்தது, காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குக் கொடுத்தது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தாய்மார் தொடங்கிய போராட்டத்துக்கும் அந்தப் பைலோடுதான் போய் இருந்தா. வன்னியில் எத்தனையோ வீடுகளில் இப்படி ஒரு பைல் உண்டு. முறைப்பாடு எப்படிக் கொடுப்பது என்று இந்தச் சனத்துக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. கொடுத்துக் களைத்தவர்கள். அந்த வீட்டுப் பிள்ளை பல்கலைக்கழகம் போய், அங்கே ஒரு அநியாயத்தைக் கண்டு, வாய் மூடி இருக்கிறாள் என்றால் அதைக் கோழைத்தனம் என்று வெளியில் இருப்பவர்கள் சுலபமாகச் சொல்லக்கூடாது.

ஆனாலும் நான் எழுதத்தான் சொன்னேன். அரசாங்கத்தோடு மோதுவதும் ஒரு பீடத்துக்குள் ஒரு ஆளைப் பற்றி எழுதுவதும் ஒன்றல்ல. இங்கே பதில் சொல்ல வேண்டிய ஆள் யார், எந்தச் சபை என்பது சட்டத்தில் எழுதியிருக்கிறது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி பணியாளர் நியமனமும் ஒழுக்காற்று அதிகாரமும் பல்கலைக்கழகப் பேரவையின் கையில். அந்தப் பேரவையில் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்து நியமிக்கப்பட்டவர்களும் இருப்பார்கள். துறைத் தலைவர் நினைத்தால் ஒரு விரிவுரையாளரைத் தண்டிக்கவும் முடியாது, காப்பாற்றி முடிக்கவும் முடியாது. கடிதம் துறைக்குள்ளேயே நின்றுவிட்டால் மட்டும்தான் அவரால் காப்பாற்ற முடியும்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன்.

அரசாங்கக் கடிதங்களில் 'ஊடாக' என்று ஒரு வரி வரும். துணைவேந்தருக்கு ஒரு மாணவி எழுதுகிறாள் என்றால், மேலே துணைவேந்தர், அதற்குக் கீழே 'பீடாதிபதி ஊடாக', அதற்குக் கீழே 'துறைத் தலைவர் ஊடாக'. விடுப்புக் கேட்க, பாடம் மாற்ற எல்லாம் அது சரி. பிள்ளைகள் இதே பழக்கத்தில் முறைப்பாட்டையும் எழுதுகிறார்கள். துறைத் தலைவர் நல்லவராக இருந்தால் போய்ச் சேரும். அவர் அந்த விரிவுரையாளரோடு சேர்ந்து படித்தவராக, ஒரே ஆய்வில் பெயர் போட்டவராக இருந்தால், அல்லது முறைப்பாடே அவரைப் பற்றியதாக இருந்தால் அந்தக் கடிதம் அவருடைய லாச்சிக்குள் தூங்கும். தூங்கியது என்பதற்கு உங்களிடம் ஒரு அத்தாட்சியும் இராது.

ஆகவே யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவருக்கும் அவருடைய துறைக்கும் மேலே உள்ளவருக்கு நேரே எழுத வேண்டும். விரிவுரையாளர் பற்றியது என்றால் பீடாதிபதிக்கு. துறைத் தலைவர் பற்றியதும் பீடாதிபதிக்கு. பீடாதிபதி பற்றியது துணைவேந்தருக்கு. அடியில் 'பிரதி' என்று போட்டு இன்னும் இரண்டு பேரைச் சேர்க்க வேண்டும். பதிவாளர் கட்டாயம், ஏனென்றால் கோவை அவரிடம்தான் திறக்கப்படும். மற்றவர் சிரேஷ்ட மாணவர் ஆலோசகர். இந்தப் 'பிரதி' வரி சும்மா அழகுக்கு இல்லை. மூன்று மேசைகளில் மூன்று திகதி முத்திரை விழுந்த கடிதத்தை "எனக்குக் கிடைக்கவேயில்லை" என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். நான் இந்தப் பக்கத்தில் இருந்து சொல்கிறேன்: பிரதி போன கடிதத்தைக் கண்டால் எந்த உத்தியோகத்தரும் கொஞ்சம் நிமிர்ந்து இருப்பார்.

கையில் கொடுப்பதானால் இரண்டு பிரதி கொண்டு போங்கள். ஒன்றில் முத்திரையும் சுருக்கொப்பமும் வாங்கி வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். கவுண்டரில் இருப்பவர் "வச்சிட்டுப் போங்கோ தங்கச்சி" என்பார். முத்திரை குத்தித் தருவது அவர் செய்யும் உபகாரம் அல்ல, பணிவாகக் கேட்டுக்கொண்டே நிற்கலாம். கேட்க வெட்கமாக இருந்தால் பதிவுத் தபால். அந்தச் சின்ன ரசீது மங்கிப் போகும், போட்டோ எடுத்து வையுங்கள். பதில் வந்தால் மேலே 'எனது இல.' என்று ஒரு இலக்கம் இருக்கும். அதற்குப் பிறகு நீங்கள் எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் அதை 'உமது இல.' என்று போட வேண்டும். போடாவிட்டால் உங்கள் இரண்டாவது கடிதம் புதுக் கோவையாகத் திறந்து, முதலாவதுக்கும் அதற்கும் உறவில்லாமல் போகும். எங்கள் கந்தோரிலேயே இது தினமும் நடக்கிறது.

தங்கச்சி முதலில் எழுதிக்கொண்டு வந்த கடிதம் மூன்று பக்கம். 'சேர் எப்பொழுதும் எம்மை இழிவுபடுத்தி மனதளவில் பாதிப்புக்கு உள்ளாக்குகிறார்' என்று தொடங்கியது. கண்ணீர் வரும், ஆனால் விசாரிக்க ஒன்றுமில்லை. எப்பொழுதும் என்றால் எப்போது? இழிவு என்றால் என்ன சொல்? அவளை இருத்தி, ஒரு நாளை எடு என்றேன். எந்தத் திகதி, எத்தனை மணி, எந்த ஆய்வுகூடம், வாயால் வந்த சொல் என்ன, பக்கத்து மேசையில் யார் நின்றது. சிங்களத்தில் சொன்னால் சிங்களச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுது, அர்த்தம் பிறகு. கண்டதையும் கேட்டதையும் மட்டும். 'அவர் அப்படிப்பட்டவர் என்று எல்லோருக்கும் தெரியும்' என்ற வரியை வெட்டச் சொன்னேன். அவளுக்கு அந்த வரிதான் பிடித்திருந்தது. வெட்டி முடிய ஒன்றரைப் பக்கம் வந்தது. கடைசிப் பந்தியில் என்ன வேண்டும் என்று எழுத வேண்டும். இதைத்தான் அநேகமானவர்கள் விட்டுவிடுகிறார்கள். 'தக்க நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம்' என்பது ஒன்றும் கேட்காததற்குச் சமம். வரவுப் பதிவைத் துறை அலுவலகம் சரிபார்க்க வேண்டும், வெளித் திட்ட வேலைக்கு மாணவரை அழைப்பது நிறுத்தப்பட வேண்டும், பூர்வாங்க விசாரணை நடத்தி முடிவை எழுத்தில் அறிவிக்க வேண்டும். இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டால், செய்தார்களா இல்லையா என்று பிறகு பார்க்கலாம்.

புள்ளியில் கைவைப்பாரோ என்பதுதான் எல்லோருக்கும் உள்ள பயம். இதைத் தங்கச்சியோடு இருந்து நிதானமாகப் பிரித்துப் பார்த்தேன். இறுதிப் பரீட்சை விடைத்தாளில் சுட்டெண்தான் இருக்கும், பொதுவாக இரண்டாவது பரிசோதகரும் பார்ப்பார். அங்கே பழிவாங்குவது அவ்வளவு சுலபமில்லை. ஓட்டை இருப்பது வேறு இடங்களில்: தொடர் மதிப்பீட்டுப் புள்ளி, செயன்முறைக் கொப்பி, வரவு, இறுதி ஆண்டு ஆய்வு மேற்பார்வை, பட்டம் முடிந்தபின் கேட்கும் பரிந்துரைக் கடிதம். இவையெல்லாம் ஒரு தனி ஆளின் பேனையில் தங்கியிருப்பவை. ஆகவே கடிதம் கொடுக்க முன்னமே கொடுத்த ஒப்படைகளைப் போட்டோ எடுத்து வைக்க வேண்டும், திருத்திக் கிடைத்த புள்ளிகளையும்தான். கடிதத்திலேயே ஒரு வரி: 'இவ்விடயம் முடிவுறும் வரை எமது தொடர் மதிப்பீடுகளையும் விடைத்தாள்களையும் வேறொரு பரிசோதகர் மதிப்பிட ஆவன செய்யவும்.' இப்படிக் கேட்பது அவமரியாதை அல்ல. அந்த விரிவுரையாளருக்கும் இது நல்லதுதான், பிறகு குறைந்த புள்ளி வந்தால் அவர் தலையில் பழி விழாது.

பெயர் போடாமல் எழுதலாமா என்று கேட்டாள். மொட்டைப் பெட்டிசத்துக்கு என் பதிவேட்டிலும் இலக்கம் உண்டு. ஆனால் அதற்கு மேலே போக அதற்குக் கால் இல்லை. யாரைக் கூப்பிட்டு விசாரிப்பது? பெயரில்லாத கடிதம் வந்தால் கந்தோரில் நடக்கும் முதல் வேலை எழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பதுதான், விசயத்தைக் கண்டுபிடிப்பது இல்லை. தனியே பெயர் போடப் பயமென்றால் கூட்டாகப் போடுங்கள். ஐந்து பேர் ஒப்பமிட்ட கடிதத்தில் ஒருத்தியைத் தனியே பிடிக்க முடியாது. ஐந்து பேரும் தாங்கள் நேரே கண்டதற்கு மட்டும் ஒப்பமிட வேண்டும். பட்ச் முழுக்கக் கையொப்பம் சேர்த்தால் பலம் என்று நினைப்பார்கள். விசாரணையில் முதல் கூப்பிடுகிற ஆள் "எனக்குத் தெரியாது, சைன் பண்ணச் சொன்னாங்கள்" என்று சொன்னால் மிச்சமும் சரிந்துவிடும்.

அறைத் தோழியின் வட்ஸ்அப் விசயத்தை இந்தக் கடிதத்துக்குள் போட வேண்டாம் என்று சொன்னேன். தங்கச்சிக்குக் கோபம். "அதுதானே அக்கா பெரிய விசயம்?" பெரிய விசயம்தான். ஆனால் அது அந்தப் பிள்ளையின் விசயம். அவள் சொல்ல விரும்பாத ஒன்றை இன்னொருத்தி ஐந்து பேர் ஒப்பத்தோடு மூன்று மேசைக்கு அனுப்புவது அவளுக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம். அவளுக்குத் தனி வழி இருக்கிறது. பால்நிலை சமத்துவத்துக்கென்று ஒரு பிரிவு பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இப்போது உண்டு, பெண் மாணவர் ஆலோசகரும் இருப்பார். சட்டமும் இருக்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு 1995இல் திருத்தப்பட்டு, பாலியல் தொந்தரவு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அதிகாரத்தில் இருக்கும் ஆள் சொல்லாலோ செயலாலோ விரும்பத்தகாத முறையில் நெருங்குவதும் அதற்குள் அடங்கும் என்று அந்தப் பிரிவுக்கான விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. கை பட்டால்தான் குற்றம் என்று எங்கள் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். புள்ளிக்கோ கையொப்பத்துக்கோ பதிலாக அப்படி ஏதும் கேட்டிருந்தால் அது பாலியல் இலஞ்சம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அதை இலஞ்சமாகவே எடுக்கிறது. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லி அனுப்பியது வேறொன்று. செய்திகளை அழிக்காதே. ஸ்கிரீன்ஷொட் எடுத்தால் பெயர் தெரிகிற மாதிரி மட்டும் எடுக்காதே. பெயரை நீயே சேமித்தது, "இது நான் இல்லை" என்று அவர் சொல்லலாம். இலக்கம் தெரிகிற மாதிரியும் எடு. சிவப்பு வட்டம், அம்புக்குறி ஒன்றும் போடாதே. முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து உன் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பு, பல்கலைக்கழக மின்னஞ்சல் உன்னோடு கடைசிவரை வராது. தொலைபேசி மாற்றினாலும் பழையதை விற்காதே. இவ்வளவும் செய்துவிட்டுப் பேசாமல் இருக்க விரும்பினால் இரு. விருப்பம் வரும் நாளில் கையில் இருக்கும்.

வெளிக் கதவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவற்றில் ஒன்றுக்கு நேரம் குறித்திருக்கிறது. அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போக அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தருவது ஒரே ஒரு மாதம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு கொடுத்துவிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. வவுனியாவில் பிராந்திய அலுவலகம் உண்டு. எங்கள் பக்கத்தில் இருந்து மாங்குளம் போய் ஏ9 பஸ் பிடித்தால் அரை நாளில் போய் வந்துவிடலாம். தொலைபேசி 1996. அரசாங்கப் பல்கலைக்கழக விரிவுரையாளர் 'முல்லைத்தீவு ஆக்கள்' என்று பிரித்து நடத்தினால் அது 12ஆம் உறுப்புரையின் சமத்துவப் பிரச்சினை. இந்த ஒரு மாதக் கதை தெரியாமல் செமஸ்டர் முடியட்டும் என்று இருந்தவர்கள் பலர்.

கொழும்பு 7, வோட் பிளேசில் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். அவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கே அனுப்பி அறிக்கை கேட்பார்கள். பிரயோசனமில்லை என்று நினைக்க வேண்டாம், மேலிருந்து வரும் கடிதத்துக்குக் கந்தோர் வேறு வேகத்தில் எழும்பும்.

பதிலே வராவிட்டால் எனக்கு மிகவும் பிடித்த ஆயுதம் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். எங்கள் கந்தோருக்கு அந்தப் படிவம் வந்தால் என்ன பரபரப்பு என்று கண்ணால் கண்டவள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. ஏன் கேட்கிறாய் என்று கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. விரிவுரையாளரின் சொந்த விபரம் கேட்டால் தரமாட்டார்கள். 'எமது இன்ன திகதிய கடிதம் தொடர்பில் விசாரணைக்கு ஆள் நியமிக்கப்பட்டதா, எந்தத் திகதியில், அறிக்கை கையளிக்கப்பட்டதா' என்று கேளுங்கள். இதற்குப் பதில் எழுத வேண்டுமென்றால் யாரோ ஒருவர் அந்தக் கோவையைத் தேடி எடுத்தேயாக வேண்டும்.

பகிடிவதைச் சட்டத்தையும் ஒருமுறை வாசியுங்கள், 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கம். மூத்த மாணவரை மட்டும் பிடிக்கிற சட்டம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதன் தலைப்பிலேயே 'வேறு வகையான வன்முறைகள்' என்று இருக்கிறது. குற்றம் செய்பவர் மாணவராகத்தான் இருக்க வேண்டும் என்று அதில் இல்லை.

பேஸ்புக்கில் போடுவதைப் பற்றி ஒரு சொல். முதல் வேலையாக அதைச் செய்யாதீர்கள். குற்றவியல் அவதூறு 2002இல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது, ஆனால் சிவில் வழக்குப் போட இன்னும் முடியும். இணையத்தில் போடுவதைப் பற்றி 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. அதைவிட, பதிவு போட்ட அடுத்த நிமிடமே கதை விரிவுரையாளரின் நடத்தையைப் பற்றியதாக இருக்காது, பல்கலைக்கழகத்தின் மானத்தைப் பற்றியதாக மாறிவிடும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வரும் பிள்ளைகள் எல்லோரும் நியாயத்தோடு வருவதில்லை. ஒரு பெடியன் வந்தான், பாதி வகுப்புக்குப் போகாமல் பரீட்சைக்கு மறித்துவிட்டார்கள், மிஸ் மேல் ஒரு பெட்டிசம் எழுதித் தரட்டாம். அவன் தாய்க்கு முன்னாலேயே ஏசி அனுப்பினேன். கடுமையாகப் புள்ளி போடுவது துர்நடத்தை அல்ல. பாடம் விளங்கவில்லை, பிந்தி வருகிறார், பாடத்திட்டம் முடிக்கவில்லை என்பதெல்லாம் குறைதான், ஆனால் அதற்கு இடம் வேறு. செமஸ்டர் முடிவில் தரும் மதிப்பீட்டுப் படிவத்தை எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே பக்கமாகப் புள்ளடி போட்டுக் கொடுக்கிறார்கள். அதில் இரண்டு வரி எழுதினால் உள்ளகத் தர உறுதிப்பாட்டு அலகு பார்க்கும். பீடச் சபையில் மாணவர் தெரிவு செய்த இரண்டு பிரதிநிதிகள் இருக்கச் சட்டத்தில் இடமுண்டு. அவர்களின் பெயர் தெரியுமா என்று தங்கச்சியைக் கேட்டேன். தெரியாது என்றாள். வாக்குப் போட்டாயா என்றேன். சிரித்தாள்.

கடிதம் போனது. ஐந்து பேர் ஒப்பம், பீடாதிபதிக்கு, இரண்டு பிரதி. போக முன் சின்னம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். அவ கடைசிவரை கேட்டுவிட்டு, "கொப்பி எடுத்து வச்சியோ?" என்று மட்டும் கேட்டா. பிறகு உள்ளே போய்த் தன்னுடைய பைலில் இருந்து இரண்டு வெறும் பிளாஸ்ரிக் உறைகளைக் கழற்றிக்கொண்டு வந்து கொடுத்தா.

கொஞ்ச நாள் ஒரு சத்தமும் இல்லை. வகுப்பில் அவர் இவர்களைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டாராம். அதுவும் ஒரு கரைச்சல்தான், கேள்வி கேட்டால் பதில் இல்லை. இணைந்து ஒப்பமிட்ட ஒருத்தியின் வீட்டுக்கு, தெரிந்தவர் ஒருவர் மூலம் "பிள்ளையின்ர எதிர்காலத்தைப் பாருங்கோ" என்று கதை போனது. அவள் பின்வாங்கினாள். அவளை ஏசாதே என்று தங்கச்சிக்குச் சொன்னேன். தகப்பன் இல்லாத வீடு, நான்கு வருடச் செலவு, அந்தக் கணக்கை நாங்கள் போட முடியாது. அந்தக் 'கதை' எந்த நாளில், யார் மூலம் வந்தது என்பதை மட்டும் எழுதி, அதே இலக்கத்தைப் போட்டுப் பீடாதிபதிக்கு இன்னொரு கடிதம் அனுப்பச் சொன்னேன். விசாரணை நடக்கும்போது முறைப்பாட்டாளரின் வீட்டுக்குத் தூது விடுவது தனிக் குற்றச்சாட்டு.

பிறகு நகர்ந்தது. சனிக்கிழமை வேலை நின்றது. அந்தப் பாடத்தின் தொடர் மதிப்பீட்டை வேறொரு விரிவுரையாளர் எடுத்தார். பூர்வாங்க விசாரணைக்குத் தனித்தனியே கூப்பிட்டார்கள். மூன்று பேர் கொண்ட குழு, ஒருவர் வெளிப் பீடம். தமிழில் சொல்லலாமா என்று கேட்கச் சொல்லியிருந்தேன், அது அரசியலமைப்பிலேயே உள்ள உரிமை. கேட்டாள், மொழிபெயர்க்க ஒருவரைப் போட்டார்கள். "கோட்டா என்று சொன்னதால் உமக்கு என்ன பாதிப்பு?" என்று கேட்டார்களாம். "நான் பரீட்சை எழுதித்தான் வந்தனான், சேர் சொன்ன நாளிலயிருந்து பக்கத்து மேசைப் பிள்ளை எனக்கு உபகரணம் தாறேல்ல" என்றிருக்கிறாள். நான் சொல்லிக் கொடுத்தது அல்ல அது. கடிதத்திலும் இருக்கவில்லை.

பூர்வாங்க விசாரணை முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். இல்லை. அதில் விசயம் இருக்கிறது என்று கண்டால் குற்றச்சாட்டுப் பத்திரம் கொடுப்பார்கள், அவர் பதில் எழுதுவார், பிறகுதான் முறைசார் விசாரணை. அதில் நீங்கள் சாட்சி. அவருடைய பக்கத்தால் உங்களைக் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். அது அவருடைய உரிமை, அதற்கு முகம் கொடுக்கத்தான் வேண்டும். இழுபடும். முடிவு வரும்போது நீங்கள் பட்டம் வாங்கி வேலை தேடிக்கொண்டிருக்கலாம். முகவரி மாறினால் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும், சாட்சி கிடைக்கவில்லை என்று கோவையை மூட இடம் கொடுக்கக் கூடாது.

தங்கச்சிக்கு முறைசார் விசாரணைக்கு அழைப்பு வந்திருக்கிறது. திகதி அவளுடைய பரீட்சைக் கிழமைக்குள் விழுகிறது. அது தற்செயலோ இல்லையோ, அதைப் பற்றி எழுதாதே என்றேன். பரீட்சை நேரசூசியின் பிரதியை இணைத்து, வேறு திகதி இரண்டைக் குறிப்பிட்டு, இலக்கம் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறாள்.